கிளைகள் வந்து சேரும் இடம்

"மேலேருந்து பார்த்தா என்னங்க தெரியும்?"

"கிளை தெரியும்."

"வேற?"

"வேற கிளை தெரியும்."

"விளையாடாதீங்க. நிஜமாத்தான் கேக்குறேன்."

"நானும் நிஜமாத்தான் சொல்றேன். கண்ணுக்கு முன்னாடி கிளை, காலுக்குக் கீழ கிளை, தலைக்கு மேல இன்னும் வெட்டாத கிளை. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

கல்யாணமான புதிதில், ஒரு காலை நேரம், லாரியின் முன் இருக்கையில் அவர்கள் பேசிக்கொண்டது இது. அவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் மடியில், சுருட்டி வைத்த கயிறு ஆட்டுக்குட்டி மாதிரிப் படுத்திருந்தது. வெயிலுக்கு முந்தைய வெளிச்சத்தில் தெருவோர மரங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து, தலைக்கு மேலாகக் கடந்து, பின்னால் போயின. சும்மாதான் என்று சொன்னாளே தவிர, அவள் கேட்க வந்தது வேறு. என்னையும் ஒரு தடவை மேலே கூட்டிக்கொண்டு போவீங்களா என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். புதுப்பெண் கேட்கிற கேள்வியா இது என்று கூச்சம் வந்துவிட்டது. நகை கேட்கலாம், துணிமணி கேட்கலாம். மரத்தில் ஏற்றிவிடச் சொல்லி யாராவது கேட்பார்களா? அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. இதற்குள் ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, படித்து முடித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள்.

அவள் புருஷனை எல்லோரும் அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கேற்ற ஒல்லி உடம்பு. மரம் வெட்டுகிறவர் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். "வெட்டுறது யார் வேணா வெட்டலாம். நான் மரத்துக்கு வைத்தியம் பாக்குறவன்" என்பார். வீட்டுக் கூரைமேல் சாய்ந்த கிளை, மின்கம்பியை உரசும் கிளை, உள்ளே சொத்தை விழுந்த கிளை, இவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மரத்தை நிற்க வைத்துவிட்டு வருவதில் அவருக்கு ஒரு பெருமை. இடுப்பில் வார், தோளில் கயிறு, முதுகில் தொங்கும் சின்ன ரம்பம், இவ்வளவோடு அவர் இலைகளுக்குள் நுழைந்து மறைந்துவிடுவார். அதற்கப்புறம் அவர் ஒரு குரல்தான்.

"விடலாமா?" என்று அந்தக் குரல் கேட்கும்.

அவள் கீழே ஒரு சுற்றுப் பார்ப்பாள். வழியில் யாரும் இல்லை, நாய் இல்லை, சைக்கிள் இல்லை. "விடுங்க" என்பாள். கிளை இறங்கும்.

கீழேயிருந்து அவள் சொல்லாமல் ஒரு சுள்ளியைக்கூட அவர் விட்டதில்லை. இதைப் பார்த்துவிட்டு அவள் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, ஒருநாள் சொன்னாள்: "மத்த வீட்டுல புருஷனே பேச்சைக் கேக்க மாட்டான். உங்களுக்குக் கிளைகூட அடங்கி நடக்குது அண்ணி."

மேலே போவது அவர் வேலை. கீழே வந்தது எங்கே போக வேண்டும் என்பது அவள் வேலை. மரம் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு வெட்டியது சாயங்காலத்துக்குள் கண்ணை விட்டு மறைய வேண்டும். குப்பை கொட்டும் மைதானத்துக்குக் கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அதனால் எல்லாம் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்குத்தான் வந்து சேரும். அங்கே வந்து சேர்ந்த பிறகு அது குப்பை இல்லை. புளிய மரமும் மாமரமும் பிளந்து, பட்டை மேலே பார்க்க அடுக்கி, ஒரு கோடை முழுக்கக் காய்ந்து, நாத்தனார் நடத்தும் ரொட்டிக்கடை அடுப்புக்குப் போகும். தைலமரம் மூன்றாவது தெருவில் இருக்கும் சலவைக்கூடத்துக் கொதிகலனுக்கு. அந்த வாசனை ரொட்டிக்கு ஆகாது, கொதிகலனுக்கு மூக்கு கிடையாது. இலையும் மெல்லிய கொம்பும் அரைக்கிற மெஷினுக்குள் போய்த் தூளாகி, குதிரை லாயத்துக்குப் படுக்கையாகப் போகும். அரளி மட்டும் தனி. அதன் பாலும் விஷம், புகையும் விஷம். வேலியோரமாக ஒரு மூலையில் ஒதுக்கி வைத்து, சிவப்புத் துணி கட்டி, யாருக்கும் கொடுக்காமல் மட்க விட்டுவிடுவாள்.

விறகு காய்ந்ததா என்று பார்க்க அவள் இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள். ஈரமாக இருந்தால் 'தொப்' என்று சளி பிடித்த சத்தம். காய்ந்திருந்தால் 'டங்' என்று மணி. மழை நின்ற நாட்களில் அவள் அடுக்கடுக்காகத் தட்டிக்கொண்டே போவது பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும். யாரோ தூரத்தில் ஏதோ ஒரு வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பதுபோல் இருக்கும்.

காலையில் எழுந்து பின்கதவைத் திறந்தால் தூள் குவியலிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருக்கும். பச்சைத் தூள் குவிந்து கிடந்தால் உள்ளுக்குள் தானாகச் சூடேறும். அவள் முழங்கை வரை கையை உள்ளே விட்டு நிற்பாள். தூங்குகிற ஒரு பெரிய மிருகத்தின் வயிற்றில் கை வைத்ததுபோல் இருக்கும் அந்த வெதுவெதுப்பு. அந்த நேரத்தில் அவளுக்கு எந்த வேலையும் ஞாபகம் வராது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. வந்து இறங்கிய துண்டுகளைப் பார்த்து, அவை மேலே எப்படி இருந்திருக்கும் என்று மனசுக்குள் கோத்துப் பார்ப்பாள். இந்தக் கவட்டையில்தான் அவர் கால் வைத்து நின்றிருப்பார், பாசி தேய்ந்திருக்கிறது. இந்த வளைவில் கயிறு உராய்ந்திருக்கிறது. இது வெயில் பக்கம், இது நிழல் பக்கம். ஒருதடவை, புயலில் சாய்ந்த ஒரு முழு மாமரம் துண்டுதுண்டாக வந்தபோது, அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அதை மறுபடி தரையில் பரப்பிப் பார்த்தாள். அடிமரம் கொட்டகைக்குப் பக்கத்தில். அங்கிருந்து பெருங்கிளைகள், பிறகு கிளைகள், பிறகு கொம்புகள், கடைசியில் கொழுந்து. மரம் காலி இடம் முழுக்கக் கைகளை விரித்துப் படுத்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அடிமரத்தில் ஏறி, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு அடி வைத்து, பூனை மாதிரி நடந்து, உச்சிக்குப் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். காற்று அடித்தது. காலுக்குக் கீழே எதுவுமே இல்லாததுபோல் ஒரு நொடி இருந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே துணி காயப்போட்ட கொடி. அவருடைய பனியன் ஒன்று அவளைப் பார்த்துக் கையாட்டியது.

அன்றைக்குக் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் அந்த வருஷம்தான் அவர் ஒரு வேப்பமரத்திலிருந்து விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த அத்தனை பேரும் அவளிடம் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். இனிமே ஏற வேண்டாம்னு சொல்லும்மா. நீ சொன்னாத்தான் கேப்பாரு. அவரை இறங்கச் சொல்லும்படி எல்லோரும் அவளிடம் கேட்கும்போது, அவள் தன்னை ஏற்றிவிடச் சொல்லிக் கேட்டால் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். அவள் இரண்டையும் சொல்லவில்லை. தோள் கூடிவந்ததும் அவர் மறுபடி ஏறினார். அவள் மறுபடி "விடுங்க" என்றாள்.

இந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில்தான் அந்தக் குழப்பம் நடந்தது.

அன்று காலை ஒரு வீட்டுப் புளியமரத்தில் அவர் நின்றிருந்த கிளை சொல்லாமல் முறிந்தது. ஓர் ஆள் உயரம் சறுக்கி, கயிறு பிடித்துக்கொள்ள, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டு தொங்கினார். ஒன்றும் ஆகவில்லை. மேலேயிருந்து "கடை இன்னும் திறந்திருக்கு" என்று குரல் கொடுத்தார். அவளும் கீழேயிருந்து "சரி, வியாபாரத்தைப் பாருங்க" என்றாள். அதோடு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அதே மதியம் வேறொரு மரமேறி தன் லாரியில் ஒரு சுமை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். பழைய வேலி மரங்கள். முழுக்க ஆணி, துருப்பிடித்த கம்பி, அறுந்த பிளாஸ்டிக் கயிறு. ஓர் ஆணி உள்ளே போனாலும் அரைக்கிற மெஷினின் கத்திப்பல் உடைந்துவிடும். அவள் குந்தி உட்கார்ந்து, சரளைக்கல்லுக்கு நடுவே சிதறிய ஆணிகளையும் சுள்ளிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே விரல் கணுக்களில் வலி. இரவில் கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடும். சாயங்காலம் ஆனபோது இடுப்பு நிமிரவில்லை. விறகு அடுக்குக்கு அந்தப் பக்கம் அவர் குழாயடியில் ரம்பத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னால இனிமே பொறுக்க முடியாதுங்க" என்றாள்.

குழாய் நின்றது.

"என்ன சொன்ன?"

"பொறுக்க முடியலைன்னேன். முந்தி மாதிரி இல்ல. ராத்திரியில தூக்கமே போயிடுது."

அந்தப் பக்கம் ரம்பத்தைக் கல்லின்மேல் வைக்கும் சத்தம் கேட்டது. "எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாவே. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

"இன்னிக்குக் காலையில நடந்ததா?"

காலையிலும் புளியமரத்தடியில் ஒரு சாக்கு நிறையச் சுள்ளி எடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. "அதுவும்தான். எல்லாம் சேர்ந்துதான்."

"சரி" என்றார் அவர். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நான் பாத்துக்கறேன். இனிமே உனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்."

காந்தம் கட்டிய கோல் ஒன்று கடையில் விற்கிறது. தரையில் தள்ளிக்கொண்டு போனால் ஆணியெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் வாங்கித் தரப்போகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் வலிக்கு இவ்வளவு உருகுகிறாரே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

காந்தக் கோல் வரவில்லை. அதற்குப் பதில் விறகு பிளக்கும் மெஷின் வந்தது. அதற்கடுத்து, தெரிந்த மரமேறிகளுக்கெல்லாம் போன் போட்டு, வெட்டியதை எல்லாம் இங்கேயே கொண்டுவந்து கொட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். தினம் ஒரு லாரி பின்னோக்கி வந்து நின்றது. காலி இடம் காடானது. பொறுக்க முடியாது என்று சொன்னவளுக்குப் பொறுக்குவதற்கு இரண்டு மடங்கு வந்து குவிந்தது. இந்த மனுஷன் என்ன கணக்குப் போடுகிறார் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. அவரோ ஏறுகிற வேலைகளை ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு, விறகை வாங்க யார்யார் வருவார்கள் என்று அலைந்துகொண்டிருந்தார். தாடி வைத்த ஓர் இளவட்ட மரமேறி, தொழிலுக்குப் புதுசு என்பதால் புதுசு என்றே பெயராகிவிட்டவர், இரண்டு முறை வந்து கயிறுகளை விரித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

விஷயம் ரொட்டிக்கடையில்தான் வெளிவந்தது.

காய்ந்த மா விறகை அடுப்படியில் இறக்கி வைத்துவிட்டு அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். நாத்தனார் நீளக் கட்டையால் அடுப்புக்குள்ளிருந்து ரொட்டிகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க மாவு.

"அண்ணன் உங்களுக்குப் பெருசா ஆப்பு வாங்கி வச்சிருக்காராமே அண்ணி."

"மெஷின்ல இருக்குற ஆப்பா, எனக்கு வக்கிற ஆப்பா?"

"ரெண்டும்தான். கயித்தையெல்லாம் கொடுக்கப் போறாரு, தெரியுமில்ல?"

"யாருக்கு?"

"புதுசுக்கு. நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி மரம்தான் கடைசியாம். அதோட இறங்கிடறாராம். நல்ல காரியம் பண்ணீங்க, எத்தனை வருஷமா நாங்க சொல்லியும் கேக்காதவரு. நீங்க அழுததும் மனசு மாறிட்டாரு."

"நான் எப்ப அழுதேன்?"

"அழலையா? உங்களால பொறுக்க முடியல, ராத்திரி தூக்கம் போச்சு, அவர் தொங்குனதைப் பார்த்ததுலேருந்து உயிர் போயிடுச்சு. அண்ணன் என்கிட்ட சொல்லும்போது அவரு கண்ணே கலங்கியிருந்துது."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு முக்காலி ஆடியது.

"ஆணி," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் ஆணி பொறுக்கறதைச் சொன்னேன். சுள்ளி பொறுக்கறதை. விரல் வலிக்குதுன்னு."

நாத்தனார் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு, ஆளுக்கு ஒரு குடும்பம் நடத்தியிருக்கீங்க ரெண்டு பேரும்."

சொல்லிவிட்டு நாத்தனாரும் சிரித்தாள். அடுப்பு வாயில் இரண்டு ரொட்டிகள் கருகிய பிறகுதான் சிரிப்பு நின்றது. அப்போதுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. நாளைக்குக் கடைசி. கயிறுகள் போய்விட்டால், அவளுக்குள் இத்தனை வருஷமாக இருந்த அந்தக் கேள்விக்குப் போக ஒரு மரமும் இருக்காது.

"ஏன் அண்ணி முகம் இப்படி ஆயிடுச்சு? ஏறட்டும்னு சொல்லப் போறீங்களா?"

"தெரியல."

"இறங்கட்டும்னா?"

"அதுவும் தெரியல."

"அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

அவள் தலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "கருகுனது ரெண்டையும் கொடு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரி என்பது ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி. அதன் முன்வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் குடை விரித்து நின்றது. ஒரு பக்கக் கிளைகள் கூரை ஓட்டின்மேல் கை போட்டிருந்தன. அந்தக் கைகளை மட்டும் எடுக்க வேண்டும், மரம் நிற்க வேண்டும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மரம் அப்போதுதான் இலை பிரித்துக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்புப் பூக்களின் முடிகள் காற்றில் சுற்றிச் சுற்றி இறங்கி, அவள் தோளிலும், லாரியின் கண்ணாடியிலும், வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகளின் மடியிலும் விழுந்தன. வேலை நடக்கும்வரை அவர்களைப் பின்வாசலுக்கு மாற்றி உட்காரவைத்தார்கள்.

அவர் வார்களை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். எப்போதையும்விட மெதுவாக ஏறினார். இலைகள் அவரை வாங்கிக்கொண்டன.

"விடலாமா?"

"விடுங்க."

கிளை கயிற்றில் தொங்கியபடி, யோசித்து யோசித்து இறங்கியது. அவள் அதைப் பிடித்துத் தரையில் கிடத்தினாள். மறுபடி, "விடலாமா?" மறுபடி, "விடுங்க." நடுவில் ஒரு குழந்தை பிறந்து அழும் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. மேலே ரம்பம் நின்றது. அழுகை அடங்கியபின் மறுபடி தொடங்கியது. மரத்தூள் வெயில் கீற்றுகளுக்குள் மிதந்து வந்துகொண்டேயிருந்தது. தண்ணீருக்கு அடியில் நின்று மேலே பார்ப்பதுபோல் அவளுக்கு இருந்தது. அவர் கால் ஒன்று தெரிந்தது, மறைந்தது. நீந்துகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மதியம் அவர் இறங்கி வந்ததும் வெட்டிய பெருங்கிளை ஒன்றின்மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். ரொட்டியைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அன்னிக்குப் பொறுக்க முடியலைன்னு சொன்னேனே, அது உங்களை இல்ல. ஆணியை."

"எந்த ஆணியை?"

"அந்த வேலி மரத்து ஆணியை. பொறுக்கி எடுக்க முடியல, விரல் வலிக்குதுன்னு சொன்னேன். நீங்க வேற மாதிரி கேட்டுட்டீங்க."

அவர் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார், அவள் விரல்களைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.

"அதுக்குத்தான் லாரி லாரியா ஆணியைக் கொண்டுவந்து கொட்டுனேனா? ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா? ஊருக்கெல்லாம் தெரியுது, எனக்குத் தெரியல."

"சரி, அதுவும் நியாயம்தான்."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள். அவள் மெல்லக் கேட்டாள்: "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. கயித்தைக் கொடுக்க வேண்டாம்னா புதுசுகிட்ட சொல்லிடலாம். எனக்காக நீங்க இறங்க வேண்டாம்."

அவர் இடது தோளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டார். உடைந்து கூடிய தோள் அது. "உனக்காகன்னு நெனச்சுத்தான் முடிவு பண்ணேன். முடிவு பண்ண அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன் தெரியுமா? ரெண்டு வருஷமா மேல போனதும் இந்தக் கை என் பேச்சைக் கேக்கறதில்ல. வெளிய சொல்ல மனசு வரல. அணில்னு பேர் வச்சுட்டாங்களே. நீ பொறுக்க முடியலைன்னு சொன்னதும், அப்பாடான்னு இருந்துது. தப்பாக் கேட்டது நல்லதாப் போச்சு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இனிமே நான் கீழயே இருக்கேன். ஆணியை நான் பொறுக்கறேன். நீ தட்டிப் பாத்துச் சொல்லு, அது போதும்."

இத்தனை வருஷமாக அவர் ஏறும்போதெல்லாம் தனக்குள் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது இப்போது தளர்வதை உணர்ந்தாள். பிடித்திருந்ததே தெரியாமல் பிடித்திருந்தாள். ஆனால் அது தளர்ந்த இடத்தில் மற்றது இன்னும் பெரிதாக எழுந்து நின்றது. அவர் இறங்குவது அவளுக்கு வேண்டும். அவர் இறங்கும் முன் ஒரு தடவை அவளும் ஏற வேண்டும்.

மதியத்துக்கு மேல் வேலை சீக்கிரம் முடிந்தது. கூரைமேல் கிடந்த கடைசிக் கிளையும் இறங்கிவிட்டது. ஓட்டின்மேல் முதல் முறையாக வெயில் விழ, நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து அண்ணாந்து பார்த்து, "கட்டடமே பெருசாயிட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் கீழே வந்து நின்றார். சட்டை நனைந்திருந்தது. தலைமுடியில் சிவப்புப் பூமுடிகள். முதல் கயிற்றை இழுத்து உருவி, சுருட்டி லாரியில் போட்டார். இரண்டாவது கயிறு இன்னும் மேலே, உச்சிக்கு அருகில் ஒரு தடித்த கவட்டையில் மாட்டி, நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மரம் மெல்ல இலைகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வோர் இலையும் தன் ஜோடியோடு சேர்ந்து மூடிக்கொள்ள, மூடிய இடங்களில் வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் முன்பு வரை பச்சையாக இருந்த கூரை, இப்போது வெளிச்சமாக இருந்தது. உள்ளே ஏணி போல் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய்க்கொண்டேயிருந்தன. அவை எங்கே முடிகின்றன என்று கீழேயிருந்து தெரியவில்லை.

தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"புதுசு வந்துட்டான்" என்றார் அவர். கொக்கியைக் கழற்றக் கையை உயர்த்தினார். தோளில் வலி எடுத்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. "கொஞ்சம் இதைப் பிடி."

அவள் கயிற்றைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கயிறு கைக்குள் லேசாக அதிர்ந்தது. உச்சியில் அடித்த காற்று அவ்வளவு தூரம் இறங்கி வந்து அவள் உள்ளங்கையைத் தொட்டது. தன் வயது, தன் உடம்பின் கனம், பின்வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், நாளைக்கு நாத்தனார் அடிக்கப்போகும் கிண்டல், எல்லாம் ஒரு கணம் வரிசையாக மனதில் வந்து நின்றன. ஒவ்வொன்றாக நகர்ந்து வழி விட்டன.

"என்னம்மா? விடு, கழட்டணும்."

"கழட்டாதீங்க."

"ஏன்?"

"புதுசு கொஞ்ச நேரம் டீ குடிச்சிட்டு வரட்டும்."

"ஏன், என்ன ஆச்சு? மேல எதையாவது விட்டுட்டேனா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். குரல் வராதோ என்று பயந்தாள். வந்தது. அவள் நினைத்ததைவிடத் தெளிவாக, பக்கத்தில் யாரோ பேசுவதுபோல் வந்தது.

"என்னை ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போங்க."